டெங்குவுக்கு எதிரான மூன்று உயிர்த் தடுப்பூசிகள்: பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைத் தேர்வது?

டெங்குவுக்கு எதிராக மூன்றாம் கட்டப் பரிசோதனைவரை சென்று, பல ஆண்டுக் கண்காணிப்பின் முடிவுகளையும் வெளியிட்டுள்ள தடுப்பூசிகள் மூன்று. சனோஃபி நிறுவனத்தின் டெங்வாக்ஸியா, டகேடா நிறுவனத்தின் க்யூடெங்கா, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தில் உருவாகி பிரேசிலின் புட்டன்டான் நிறுவனத்தில் வளர்ந்த புட்டன்டான்-டிவி ஆகியவையே அவை. மூன்றும் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கொண்டவை. டென்-1 முதல் டென்-4 வரையிலான நான்கு வகைகளுக்கும் சேர்த்தே தயாரிக்கப்பட்டவை. மூன்றாவது தடுப்பூசிக்குப் பயன்பட்ட அதே மூல வைரஸ்களைக் கொண்டுதான் பனேசியா பயோடெக் நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து டெங்கிஆல் என்ற தடுப்பூசியைச் சோதித்துவருகிறது. ஆகவே எந்தத் தடுப்பூசியை, எந்த வயதினருக்கு, எந்தப் பகுதியில் கொடுப்பது என்ற கேள்வி நம் சுகாதாரத் துறைகளின் மேசைக்கு வந்தே தீரும்.

அப்போது முதலில் முன்வைக்கப்படுவது ஒற்றைச் செயல்திறன் எண்ணாகவே இருக்கும். டெங்வாக்ஸியாவுக்கு ஏறக்குறைய 60 சதவீதம், க்யூடெங்காவுக்கு 80, புட்டன்டான்-டிவிக்கும் 80 என்று எழுதிவிட்டால் முடிவு எளிதாகத் தெரியும். ஆனால் அந்த மூன்று எண்களும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வயதினரிடம், வெவ்வேறு வகை வைரஸ் பரவிய ஊர்களில் எடுக்கப்பட்டவை. அவற்றை அருகருகே வைப்பதே சரியன்று. டெங்குவைப் பொறுத்தவரை தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் உறுதியான கருத்து. இதுவரை டெங்கு தொற்றாத குழந்தைக்கு ஊசி போட்டபின் மூன்று ஆண்டுகள் கழித்து, நான்கு வகைகளில் ஒவ்வொன்றுக்கும் எதிராக, அந்தக் குழந்தையின் நிலை என்ன? மூன்று தடுப்பூசிகளையும் இந்தக் கேள்வியைக் கொண்டே இங்கு ஒப்பிடுகிறேன்.

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைக் கியூபாவின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. அந்தத் தீவில் 1977-இல் டென்-1 பரவியது. 1981-இல் டென்-2 வந்தபோது 3,44,203 பேர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. 158 பேர் இறந்தனர். கடுமையான நோய்க்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு டென்-1 கண்டவர்கள். பின்னர் 1997-இல் சான்டியாகோ டி கியூபா நகரில் டென்-2 மீண்டும் தலையெடுத்தபோது, கடுமையாக நோயுற்றவர்கள் ஏறக்குறைய அனைவருமே பெரியவர்கள். இடைப்பட்ட காலத்தில் பிறந்த பிள்ளைகள் டென்-1-ஐக் கண்டதே இல்லை என்பதால் அவர்களுக்கு அது முதல் தொற்றாக அமைந்து, பெரும்பாலும் லேசாகவே கடந்துபோனது. ஒரு வகைக்கு எதிராக உடலில் உருவான எதிர்ப்பொருள் இன்னொரு வகையை முழுமையாக முடக்கும் அளவுக்கு வலுவாக இல்லாதபோது, வைரஸோடு ஒட்டிக்கொண்டு அதை வெள்ளணுக்களுக்குள் கொண்டுசேர்த்து, அது அங்கே பெருகுவதற்கே வழிசெய்துவிடுகிறது. 1960-களில் பாங்காக்கின் குழந்தைகளிடம் இதை முதலில் கூர்ந்து கவனித்து விளக்கியவர்களில் முதன்மையானவர் ஸ்காட் ஹால்ஸ்டெட். இரண்டாவது தொற்று முதலாவதைவிடக் கொடியதாக அமையக்கூடிய நோய்க்கு, அரைகுறையாக வேலை செய்யும் தடுப்பூசி பயனற்றதாக மட்டும் நின்றுவிடாது. அந்தக் குழந்தைக்கு அது முதல் தொற்றின் இடத்தில் அமைந்துவிடக்கூடும்.

டெங்வாக்ஸியாவின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற இரண்டையும் எடைபோடும் அளவுகோல் அதிலிருந்தே பிறந்தது. 1930-களிலிருந்து கோடிக்கணக்கானோருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கப்பட்டுவரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியின் 17டி வைரஸை எடுத்துக்கொண்டு, அதன் வெளியுறைக்கான இரண்டு மரபணுக்களை நீக்கி, அந்த இடத்தில் டெங்கு வகைகளின் வெளியுறை மரபணுக்களைப் பொருத்தி நான்கு கலப்பு வைரஸ்கள் தயாரிக்கப்பட்டன. பூஜ்யம், ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் மூன்று தவணை. நன்கு அறியப்பட்ட, நிலையான அடிப்படை வைரஸ் என்பது இதன் பெரிய பலமாகக் கருதப்பட்டது. ஆனால் வெளியே தெரியும் உறை மட்டுமே டெங்குவினுடையது. உள்ளே வைரஸின் பெருக்கத்தை நடத்தும் புரதங்கள் அனைத்தும் மஞ்சள் காய்ச்சலுடையவை. தொற்றுக்குள்ளான செல்லை அடையாளம் கண்டு அழிக்கும் டி செல்களுக்குப் பெரும்பாலும் இலக்காவது அந்த உட்புரதங்களே என்பதால், டெங்குவுக்கு எதிரான செல்வழிப் பாதுகாப்பு இந்தத் தடுப்பூசியில் தொடக்கத்திலிருந்தே குறைவு.

எச்சரிக்கை முதலில் தாய்லாந்தின் ராட்சபுரியிலிருந்து வந்தது. அங்கே 4 முதல் 11 வயதுவரையிலான சுமார் 4,000 பிள்ளைகளிடம் நடத்தி 2012-இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில் மொத்தச் செயல்திறன் 30.2 சதவீதம், அப்போது அதிகம் பரவிய டென்-2-க்கு எதிராக 9.2 சதவீதம் மட்டுமே. வியப்பு என்னவென்றால், ஊசி போட்ட பிள்ளைகளின் இரத்தத்தில் டென்-2-ஐ முடக்கும் எதிர்ப்பொருள் நல்ல அளவிலேயே இருந்தது.

அந்த முரண்பாடு எப்படி நேர்ந்தது என்பதை அறிய, எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். குழந்தையின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைப் பத்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு, நாற்பதில் ஒரு பங்கு என்று படிப்படியாக நீர்த்துப்போகச் செய்து, ஒவ்வொன்றோடும் குறிப்பிட்ட அளவு வைரஸைக் கலக்கிறார்கள். கிண்ணத்தின் அடியில் விரிப்புபோல் வளர்ந்திருக்கும் வீரோ செல்களின் (குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த ஆய்வகச் செல்கள்) மேல் அதை ஊற்றி, வைரஸ் அங்குமிங்கும் மிதந்து பரவாதபடி கெட்டியான கூழால் மூடி, சில நாட்கள் வெதுவெதுப்பில் வைக்கிறார்கள். பிறகு சாயம் ஏற்றினால் உயிருள்ள செல்கள் நிறம் பிடிக்கும். வைரஸ் செல்களைக் கொன்ற இடங்கள் வெளுத்த சிறு வட்டங்களாகத் தெரியும். அந்த வட்டங்களைக் கண்ணால் எண்ணி, எந்த நீர்ப்பில் அவற்றின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறதோ அதையே எதிர்ப்பொருளின் அளவாகக் குறிக்கிறார்கள். உழைப்பும் நிதானமும் தேவைப்படும் நேர்த்தியான முறைதான். ஆயினும் அந்த வட்டங்களைக் குறைத்தது டென்-2-க்கென்றே உருவான எதிர்ப்பொருளா, வேறொரு வகைக்கு உருவாகி இதிலும் ஓரளவு ஒட்டிக்கொண்ட பொது எதிர்ப்பொருளா என்பதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. டெங்வாக்ஸியாவின் நான்கு வைரஸ்களில் டென்-4 மட்டுமே உடலில் நன்றாகப் பெருகியது. தொற்றே காணாத குழந்தையிடம் மற்ற மூன்றுக்கும் தெரிந்த எதிர்ப்பொருளில் பெரும்பகுதி இந்தப் பொது இனத்தைச் சேர்ந்தது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. வெறும் எதிர்ப்பொருள் அளவைக் காட்டி டெங்குத் தடுப்பூசிக்கு அனுமதி கேட்பவர்களிடம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

ராட்சபுரிக்குப் பின் ஆசியாவின் ஐந்து நாடுகளில் 10,275 குழந்தைகளிடமும், லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் 20,869 பிள்ளைகளிடமும் மூன்றாம் கட்டம் நடந்தது. செயல்திறன் முறையே 56.5, 60.8 சதவீதம். மூன்றாம் ஆண்டில் ஆசியப் பரிசோதனையின் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம், ஊசி போட்டவர்கள் டெங்குவால் மருத்துவமனையில் சேர்வது போடாதவர்களைவிட அதிகமாக இருந்தது. எண்ணிக்கை சிறியது என்றாலும் விகிதம் ஏழு மடங்கைத் தாண்டியது. வயதுதான் காரணம் என்று கொண்டு, 9 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற வரம்போடு 2015 டிசம்பரில் மெக்சிகோ முதல் அனுமதியை வழங்கியது. 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் போடத் தொடங்கி, 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டது.

உண்மையான காரணம் வயதா, முந்தைய தொற்று இல்லாமையா என்பதை உடனே சொல்ல முடியாமல் போனதற்குப் பரிசோதனையின் வடிவமைப்பிலேயே இருந்த குறை காரணமாயிற்று. ஊசிக்கு முன் இரத்தம் எடுத்து வைக்கப்பட்டது பங்கேற்றவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டுமே. பிற்பாடு ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். பதின்மூன்றாம் மாதத்தில் எடுத்த இரத்தத்தில், டெங்குவின் உட்புரதங்களில் ஒன்றான என்எஸ்1-க்கான எதிர்ப்பொருளைத் தேடினார்கள். தடுப்பூசியில் இருந்தது மஞ்சள் காய்ச்சலின் என்எஸ்1 என்பதால், டெங்குவுக்கானது தென்பட்டால் அந்தப் பிள்ளைக்கு இயற்கையாகத் தொற்றியிருக்கிறது என்று பொருள். அப்படிப் பிரித்துப் பார்த்தபோது, 9 முதல் 16 வயதினரில் முன்பு டெங்கு கண்டவர்களுள் ஐந்து ஆண்டுகளில் மருத்துவமனைக்குச் சென்றவர்கள் ஊசி போட்டோரில் 0.38 சதவீதம், போடாதோரில் 1.88 சதவீதம். முன்பு தொற்றாதவர்களிடம் நிலைமை தலைகீழ்: ஊசி போட்டோரில் 1.57, போடாதோரில் 1.09. 2017 நவம்பர் 29 அன்று நிறுவனம் இதை வெளியிட்டது. டிசம்பரிலேயே பிலிப்பைன்ஸ் திட்டத்தை நிறுத்தியது. தடுப்பூசிகள் முக்கியமானவை என்று அந்நாட்டில் உறுதியாக ஏற்றுக்கொண்டவர்கள் 2015-இல் 93 சதவீதம். 2018-இல் 32 சதவீதம். அந்த வீழ்ச்சியின் சுமை டெங்குவோடு நிற்கவில்லை. எல்லா நோய்களின் தடுப்பூசிகள்மீதும் பெற்றோருக்கு இருந்த நம்பிக்கையை அது அசைத்தது.

பிறகு உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்ன வழி, முதலில் இரத்தத்தைச் சோதித்து, முன்பு டெங்கு கண்டவர்களுக்கு மட்டும் ஊசி போடுவது. இந்த வழியின் சிக்கலை ஒரு கணக்கால் காட்டலாம். தொற்று கண்டவரை 90 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்து, தொற்றாதவரை 98 சதவீதம் சரியாக விலக்கும் சோதனை இருப்பதாகக் கொள்வோம். ஆயிரம் பிள்ளைகளில் 700 பேர் டெங்கு கண்டிருந்தால், 630 பேருக்குச் சரியாக ஊசி சேரும். தொற்றாத 300 பேரில் 6 பேர் தவறுதலாக ஊசி பெறுவர். அதே ஆயிரத்தில் 300 பேர்தான் டெங்கு கண்டவர்கள் என்றால், சரியாகப் பெறுபவர் 270, தவறாகப் பெறுபவர் 14. பரவல் குறையக் குறைய பயன் சுருங்கி ஆபத்து பெருகும். பள்ளி வளாகத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் இரத்தம் எடுத்து, முடிவு பார்த்து, மூன்று தவணைக்கு மீண்டும் வரவழைப்பது நடைமுறையில் நின்று நிலைக்கவில்லை. தேவை குறைந்ததால் நிறுவனமே உற்பத்தியைக் கைவிட்டது. எனவே தேர்வுப் பட்டியலில் டெங்வாக்ஸியா இல்லை. அது விட்டுச்சென்ற பாடம்தான் இருக்கிறது.

க்யூடெங்காவின் பிறப்பிடம் தாய்லாந்து. 1964-இல் பாங்காக் நோயாளி ஒருவரிடமிருந்து பிரித்தெடுத்த 16681 என்ற டென்-2 வைரஸை, மகிடோல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாயின் சிறுநீரகச் செல்களில் ஒன்றன்பின் ஒன்றாக 53 முறை வளர்த்தார்கள். புதிய இடத்துக்குப் பழகப் பழக, மனித உடலில் நோய் உண்டாக்கும் ஆற்றலை வைரஸ் இழந்தது. அந்த இழப்புக்கு மூன்று மரபணு மாற்றங்கள் முக்கியக் காரணம் என்று பின்னர் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வகத்தினர் கண்டறிந்து, அதே வைரஸின் உறையைக் கழற்றி மற்ற மூன்று வகைகளின் உறையைப் பொருத்தினார்கள். ஆக, நான்கு வைரஸ்களுக்கும் உட்புரதங்கள் டென்-2-இனுடையவை. மஞ்சள் காய்ச்சலை அடிப்படையாகக் கொண்டதைவிட இது தெளிவான முன்னேற்றம்.

ஆனால் இங்கும் சமநிலை சிக்கல் தீரவில்லை. ஒரு தவணையில் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய வைரஸ் அளவுகளைப் பார்த்தால், டென்-4 பாகம் டென்-2 பாகத்தைப்போல் ஏறக்குறைய அறுபது மடங்கு. டென்-3 இருபது மடங்கு. இவ்வளவு கூட்டிக் கொடுத்தும் உடலில் ஓங்கிப் பெருகுவது டென்-2-தான். அதன் விளைவை எட்டு நாடுகளில், இலங்கையும் அவற்றில் ஒன்று, 4 முதல் 16 வயதுவரையிலான சுமார் 20,000 பிள்ளைகளிடம் நடந்த டைட்ஸ் பரிசோதனை காட்டுகிறது. இந்தப் பரிசோதனையில் எல்லாப் பிள்ளைகளிடமும் ஊசிக்கு முன்பே இரத்தம் எடுக்கப்பட்டது. டெங்வாக்ஸியாவின் பாடம் இங்கே பயன்பட்டது. முதல் ஆண்டில் செயல்திறன் 80.2 சதவீதம், நான்கரை ஆண்டுகளில் அது 61.2 ஆகக் குறைந்தாலும், மருத்துவமனைச் சேர்க்கையைத் தடுப்பதில் 84.1 சதவீதமாக நின்றது. இந்த இரண்டாவது எண்ணே எனக்கு முக்கியமாகப் படுகிறது. காய்ச்சல் வந்து மூன்று நாளில் வீட்டிலேயே தேறுவதும், இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போவதும் ஒன்றல்ல.

முன்பு டெங்கு காணாத பிள்ளைகளை மட்டும் தனியே பார்த்தால் சித்திரம் மாறுகிறது. அவர்களிடம் டென்-2-க்கு எதிராக 88.1 சதவீதம், டென்-1-க்கு 45.4 சதவீதம். டென்-3-க்கு எதிராக எண் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 15.5, உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பைக் காட்டும் நம்பக எல்லையோ பூஜ்யத்தின் இருபுறமும் வெகுதூரம் விரிந்திருக்கிறது. டென்-4-இல் நோயுற்றவர்கள் மிகக் குறைவு என்பதால் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. தீங்கு நிரூபிக்கப்பட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை என்பதே சரியான வாசிப்பு. இந்த ஐயத்தை மனத்தில் வைத்தே, டெங்கு மிகுதியாகப் பரவும் பகுதிகளில் 6 முதல் 16 வயதுவரையிலான பிள்ளைகளுக்கு மட்டும் இதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 9 வயதுக்குள் 60 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்றியிருப்பது, பரவல் மிகுதி என்பதற்கு அது சொல்லும் அடையாளங்களில் ஒன்று. அத்தகைய ஊரில் ஊசி பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே ஒரு தொற்று நேர்ந்திருக்கும். அவர்களிடம் இந்தத் தடுப்பூசி நான்கு வகைகளுக்கும் எதிராக வேலை செய்கிறது. பிரேசில் 2024 பிப்ரவரியில் அரசுத் திட்டத்தில் இதைச் சேர்த்தபோது 10 முதல் 14 வயதினரோடு தொடங்கியது.

மூன்றாவதான புட்டன்டான்-டிவியில் வீரியம் குறைக்கப்பட்ட விதமே வேறு. வைரஸின் மரபுச் சரத்தில், புரதம் எதையும் உருவாக்காத இறுதிப் பகுதியிலிருந்து 30 எழுத்துகளை அடியோடு வெட்டி நீக்கினார்கள். ஓரிரு எழுத்துகள் மாறியதால் வலுவிழந்த வைரஸ், பெருகும்போது மீண்டும் பழைய எழுத்துக்குத் திரும்பும் வாய்ப்பு கொள்கையளவில் உண்டு. முப்பது எழுத்துகள் ஒட்டுமொத்தமாகப் போனபின் அவற்றை வைரஸால் மீண்டும் எழுதிக்கொள்ள இயலாது. இந்த வெட்டு டென்-4-க்கும் டென்-1-க்கும் நன்றாகப் பொருந்தியது. டென்-3-க்குப் போதாமல், மேலும் 31 எழுத்துகள் நீக்கப்பட்டன. டென்-2-க்கும் அது போதவில்லை. ஆகவே வீரியம் குறைத்த டென்-4-இன் மேல் டென்-2-இன் உறையைப் பொருத்தினார்கள். ஆக நான்கில் மூன்று முழு டெங்கு வைரஸ்கள். ஒன்று மட்டுமே கலப்பு. ஒவ்வொரு வகையையும் பல வடிவங்களில் தனித்தனியாகச் சிறு குழுக்களிடம் சோதித்து, லேசான தடிப்பு தவிர வேறு தொல்லை தராததும் நன்றாகப் பெருகுவதுமான வடிவத்தைத் தேர்ந்தெடுத்தபின்னரே நான்கையும் கலந்தார்கள். பல ஆண்டுகள் பிடித்த இந்தப் பொறுமைதான், ஒரே தவணையில் நான்கும் பெருகக்கூடிய கலவையைத் தந்தது என்று நினைக்கிறேன்.

முப்பது எழுத்து வெட்டியும் போதிய அளவு வலுவிழக்காத அந்த டென்-2 வைரஸும் வீணாகவில்லை. டோங்கா தீவில் 1974-இல் பரவிய மிக லேசான டென்-2-இலிருந்து வந்த அது, தடுப்பூசியாவதற்குச் சற்று வலுவானது. ஆனால் தடுப்பூசியைச் சோதிக்கும் தொற்றாகப் பயன்படப் பொருத்தமானது. பால்டிமோரிலும் வெர்மான்ட்டிலும், டெங்குவையே அறியாத பெரியவர்களுக்கு முதலில் தடுப்பூசியோ மருந்தில்லாத ஊசியோ போட்டு, ஆறு மாதம் கழித்து இந்த வைரஸைச் செலுத்தினார்கள். தடுப்பூசி பெற்ற 21 பேரில் ஒருவரின் இரத்தத்திலும் வைரஸ் தென்படவில்லை. மருந்தில்லாத ஊசி பெற்ற 20 பேரிடமும் தென்பட்டது, அவர்களில் 80 சதவீதத்தினருக்குத் தடிப்பும் வந்தது. 2016-இல் வெளியான இந்த முடிவு, ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஈடுபடுத்துவதற்கு முன்பே கலவையின் நலிவான இடத்தைச் சோதித்துப் பார்க்கும் வழியைத் தந்தது. டெங்வாக்ஸியாவுக்கு இப்படியொரு கட்டம் நடந்திருந்தால் டென்-2-இல் இருந்த ஓட்டை முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. எனினும் இதற்கும் எல்லை உண்டு: தேர்ந்தெடுத்த ஒரு லேசான வைரஸ், ஆரோக்கியமான பெரியவர்கள், ஆறு மாத இடைவெளி. கியூபாவில் இருபது ஆண்டு இடைவெளியில் நடந்ததை இது சொல்லாது.

பிரேசிலில் 2016-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில் 2 முதல் 59 வயதுவரையிலான 16,235 பேர் சேர்ந்தனர். இரண்டு ஆண்டுகளில் செயல்திறன் 79.6 சதவீதம், சராசரி 3.7 ஆண்டுகளில் 67.3 சதவீதம். இரண்டாண்டுக் கணக்கில், முன்பு டெங்கு கண்டவர்களிடம் 89.2, காணாதவர்களிடம் 73.6 என்பதே என் கேள்விக்கு நெருக்கமாக வரும் எண்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுருங்கியிருக்கிறது. டென்-1-க்கு எதிராக 89.5, டென்-2-க்கு எதிராக 69.6. ஆனால் அந்த ஆண்டுகளில் பரிசோதனை நடந்த ஊர்களில் டென்-3, டென்-4 இரண்டாலும் எவரும் நோயுற்றதாகப் பதிவாகவில்லை. நான்கு வகைகளுக்கும் எதிரான தடுப்பூசி என்று சொல்லப்படுவதில் பாதி இன்னும் களத்தில் நிரூபிக்கப்படாதது. 2025 நவம்பரில் பிரேசிலின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை 12 முதல் 59 வயதினருக்கு அனுமதித்தது. பரிசோதனையில் இரண்டு வயதுக் குழந்தைகளும் இருந்தபோதிலும் சிறுவர்களை அனுமதியில் சேர்க்கவில்லை. அந்த நிதானத்தை நான் வரவேற்கிறேன்.

இந்தியாவில் டெங்கிஆலின் மூன்றாம் கட்டம் 2024 ஆகஸ்ட் 14 அன்று ரோத்தக்கில் முதல் ஊசியுடன் தொடங்கியது. 19 மையங்கள், 10,335 பேர், அனைவரும் வயது வந்தோர். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் 2017-18-இல் நடந்த நாடு தழுவிய இரத்த ஆய்வின்படி, இந்தியர்களில் 48.7 சதவீதத்தினருக்கு டெங்கு ஏற்கெனவே தொற்றியிருந்தது. தென் மாநிலங்களில் 76.9 சதவீதம். 2015-இல் வெளியான சென்னை ஆய்வொன்றில் அது 93 சதவீதம். எனவே நம் நகரங்களில் பெரியவர்களிடம் எந்த உயிர்த் தடுப்பூசியைச் சோதித்தாலும், பங்கேற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பு டெங்கு கண்டவர்களாகவே இருப்பார்கள். அவர்களிடம் டெங்வாக்ஸியாகூட நன்றாகத்தான் வேலை செய்தது. பெரியவர்களிடம் கிடைக்கும் நல்ல எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்ப்பொருள் அளவு ஒத்துப்போகிறது என்ற ஒரே காரணத்தால் குழந்தைகளுக்கும் அனுமதி கொடுத்துவிடக் கூடாது. ராட்சபுரியில் எதிர்ப்பொருள் இருந்தும் பாதுகாப்பு இல்லை. 5 முதல் 8 வயதுவரையிலான இந்தியப் பிள்ளைகளில் டெங்கு கண்டவர்கள் 28.3 சதவீதம், 9 முதல் 17 வயதினரில் 41 சதவீதம் என்று அதே நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. தடுப்பூசி போய்ச் சேர வேண்டிய வயதில் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் தொற்று காணாதவர்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால், முதலில் தேர்வு செய்ய வேண்டியது மாவட்டத்தையும் வயதையும். தடுப்பூசியை அதற்கு அடுத்தபடியாகத்தான். தேசிய சராசரியை வைத்து முடிவெடுப்பது சென்னைப் பிள்ளைக்கும் பொருந்தாது, பரவல் குறைந்த வட மாவட்டப் பிள்ளைக்கும் பொருந்தாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 9 வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் டெங்கு கண்டிருக்கிறார்கள் என்று புதிதாக ஒரு இரத்த ஆய்வு நடத்துவது, தடுப்பூசியின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு. 60 சதவீதத்தைத் தாண்டும் இடங்களில், ஒழுங்குமுறை அனுமதியும் தடுப்பூசி இருப்பும் அமைந்தால், பள்ளி வயதினருக்கு க்யூடெங்காவைத் தொடங்குவது சரியான முடிவாக இருக்கும். நான்கரை ஆண்டுக் குழந்தைத் தரவு அதனிடம் மட்டுமே வகைவாரியாகக் கையில் இருக்கிறது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு தவணை என்பது பள்ளி ஆண்டுக்குள் அடங்கும். ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் இ நிறுவனம் ஆண்டுக்கு 5 கோடி தவணைவரை தயாரிக்க டகேடாவோடு 2024-இல் உடன்பாடு கண்டிருப்பதால், எல்லாத் தவணைகளுக்கும் இறக்குமதியையே நம்பியிருக்க வேண்டிய நிலையும் மாறும். பரவல் அந்த அளவுக்குக் கீழே உள்ள மாவட்டங்களில் இதைப் பொதுத் திட்டமாகக் கொண்டுசெல்வதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே டென்-3 வந்தால் தொற்று காணாத பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு இப்போதைக்குப் பதில் இல்லை. இந்தியாவில் நான்கு வகைகளும் சுற்றிவருகின்றன என்பதால் இது ஏட்டுக் கேள்வியும் அன்று.

நீண்ட காலத்துக்கு என் சாய்வு முப்பது எழுத்து வெட்டிய வழியின் பக்கமே. ஒரே தவணை என்பது நம் நாட்டில் சிறிய விஷயமன்று. முதல் தவணைக்குப் பின் ஊர் மாறிப்போகும் கூலித் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள், இரண்டாம் தவணை நாளில் பள்ளிக்கு வராத பிள்ளைகள் என்று பாதியில் விட்டுப்போகிறவர்கள் எல்லாத் திட்டங்களிலும் உண்டு. டெங்குவில் பாதிப் பாதுகாப்பு என்பதற்கு வேறு நோய்களில் இல்லாத ஆபத்து இருக்கிறது. ஆனால் அந்தச் சாய்வு முடிவாவதற்கு இரண்டு தேவைகள் நிறைவேற வேண்டும். டென்-3, டென்-4 பரவும் ஊர்களில் இத்தடுப்பூசியின் செயல்திறன் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டே காட்டப்பட வேண்டும். இந்தியக் குழந்தைகளிடம், ஊசிக்கு முன் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, குறைந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பின்தொடரும் தனிப் பரிசோதனை நடக்க வேண்டும். டெங்வாக்ஸியாவின் தீங்கு மூன்றாம் ஆண்டில்தான் வெளிப்பட்டது. இரண்டு ஆண்டுகளோடு கணக்கை முடிக்கும் எந்தப் பரிசோதனையும் அதைக் காணாமலே கடந்திருக்கும்.

இரண்டுக்கும் பொதுவான வரம்புகளும் உண்டு. உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. உறைநிலையில் உலர்த்திய பொடியாக வருவதைக் கரைத்துப் போட வேண்டும். க்யூடெங்காவைக் கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்பதைக் கிராமப்புறச் செவிலியர்களின் பயிற்சியில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

எந்தத் தடுப்பூசியைத் தேர்ந்தாலும் அதோடு சேர்ந்தே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. காய்ச்சலோடு வரும் பிள்ளையின் இரத்தம் முதல் ஐந்து நாட்களுக்குள் எடுக்கப்பட்டு, அது எந்த வகை டெங்கு என்பது மாவட்ட ஆய்வகத்தில் பிசிஆர் முறையில் கண்டறியப்பட்டு, அந்தப் பிள்ளைக்கு எந்தத் தேதியில் எத்தனை தவணை போடப்பட்டது என்ற பதிவோடு இணைக்கப்பட வேண்டும். இன்று நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் டெங்கு உண்டா இல்லையா என்பதோடு பரிசோதனை நின்றுவிடுகிறது. வகை பார்ப்பது அரிது. தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடம் டென்-3 வழக்கத்துக்கு மாறாக அதிகரிக்கிறதா என்பதை முதல் ஆண்டிலேயே கண்டுபிடிக்க இதைத் தவிர வேறு வழி இல்லை. எனவே இதற்கான பணமும் ஆட்களும் தடுப்பூசிக் கொள்முதல் ஆணையிலேயே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.